ஹாலோவே கோட்டையில் ஓர் உண்மையான நடுக்கம்

ரொறன்ரோ மாநகரின் ஏரிக்கரையில், இரண்டு நெடுஞ்சாலைகளுக்கும் ஒரு புகையிரதப் பாதைக்கும் நடுவே, ஹாலோவே கோட்டை மிகுந்த கம்பீரத்துடன் வீற்றிருக்கிறது. முதற் குடியேறிகளின் மாவரைக்கும் ஆலையை எதிரியிடமிருந்து காப்பதற்காகவே அது கட்டப்பட்டது. எதிரி வரவில்லை. காத்திருந்து களைத்த படையினர் ஒருநாள் பாண் சுட்டபொழுது அடுப்பிலிருந்து தீப்பற்றிக் கோட்டையும் ஆலையும் ஒருங்கே எரிந்துபோயின. நெடுங்காலத்தின் பின்னர் அதனை மீளக் கட்ட முன்வந்தவர்கள், பழைய இடத்தில் தண்டவாளம் ஓடியமையால், சற்றுத் தள்ளி, வாசல் வேறு திசையை நோக்கும்படியாகக் கட்டினார்கள். அவ்வாறு தவறாகக் கட்டப்பட்டதும் நாளடைவில் பழையதாகிவிட்டது. ஆகவே இப்பொழுது அந்தத் தவறே வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டு, அணுவளவும் திருத்தப்படாமல், பெரும் பொருட்செலவில் புதுப்பிக்கப்பட்டிருக்கிறது.

இத்தகைய பெருமை வாய்ந்த நிறுவனத்தில், யூனியன்வில்லில் வசிக்கும் ஸ்ரீஸ்கந்தராசாவின் ஒரே மகள் நிரூபா, ஒப்பந்த ஊழியராகப் பணிபுரிந்து வந்தாள். அவள் வரலாற்றில் முதுமாணிப் பட்டம் பெற்றவள். அவளுடைய பதவியின் பெயர் ‘வருகையாளர் உணர்வு இணைப்பாளர்’ என்பதாகும். சில மாதங்களுக்கு ஒருமுறை ஒப்பந்தம் முடிவடையும்; முடிவடைந்த பின்னர் புதுப்பிக்கப்படும்; புதுப்பிக்கப்படும் என்பதை மட்டும் முன்கூட்டி எவரும் சொல்வதில்லை. அந்த நாள்களில் ஸ்ரீஸ்கந்தராசாவின் வீட்டில் எவரும் உரத்துத் தும்முவதுகூட இல்லை.

கோட்டையை ஆளுவது ‘கோட்டைகள், கொத்தளங்கள் மற்றும் வரலாற்று உணர்வுக்கான ஆணையம்’. கோட்டைக்கு வருவோர் வரலாற்றைப் பார்க்கிறார்களேயன்றி உணர்வதில்லை என்னும் கவலை அதற்கு நெடுநாளாக இருந்தது. கவலையை அளப்பதற்காக ஆணையம் ஒருவகைக் கைப்பட்டிகளை வாங்கியது. நாடித்துடிப்பைக் கொண்டு அணிந்தவரின் உணர்வை அவை நிறத்தாற் காட்டும். வெள்ளை என்றால் வெறும் உலா. மஞ்சள் என்றால் ஆர்வம். சிவப்பு என்றால் வரலாறு. பட்டி சிவந்தால் வாசலில் உள்ள வெண்கல மணி தானாகவே ஒலிக்கும். வருகையாளர் மட்டுமன்றி ஊழியர்களும் அதனை அணிதல் வேண்டும் என்பது விதி. பட்டிகள் வந்த நாளிலிருந்து எவருடையதும் சிவந்ததில்லை. வாகனத் தரிப்பிடக் கட்டணத்தைக் கண்டபொழுது மாத்திரம் சிலருடையவை இளமஞ்சளாயின.

ஆகையால் ஆணையம் ஒரு முடிவுக்கு வந்தது. வெள்ளிக்கிழமை ஆணையத் தலைவர் நேரில் வருவார். அவர் முன்னிலையில் ஒரு வருகையாளரின் பட்டியாவது சிவக்குமாயின் நிரூபாவின் பதவி நிரந்தரமாகும். சிவக்காதுவிடின், இணைப்பதற்கு உணர்வு எதுவும் இல்லை என்று கொள்ளப்பட்டு, அன்று மாலையுடன் அவளுடைய ஒப்பந்தம் முடிவடையும். வெள்ளிக்கிழமைகளிலோ கோட்டைக்கு நாரைகளைத் தவிர எவரும் வருவதில்லை. வேறு வழியின்றி நிரூபா வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தாள்.

“அப்பா, ப்ளீஸ், நீங்களும் அம்மாவும் ஒருக்கா வாங்கோ. ஒண்டும் ஸ்பெஷலாச் செய்யவேண்டாம். நோர்மல் விசிட்டர்ஸ் மாதிரி வந்து பாத்திட்டுப் போங்கோ.”

“நோர்மலெண்டா என்ன மாதிரிப் பிள்ளை?”

“டிக்கெட் எடுத்து வந்த ஆக்கள் மாதிரி.”

“அப்ப டிக்கெட் எடுக்கோணுமோ?”

“வேண்டாம் அப்பா. எடுத்த மாதிரி.”

கோட்டைகளுடன் ஸ்ரீஸ்கந்தராசாவுக்கு இருந்த பழக்கம் வெளிப்புறத்தோடு நின்றுவிட்ட ஒன்றாகும். அவர் பிறந்த ஊருக்கு அண்மையிலும் ஒரு கோட்டை இருந்தது. அதிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறோமோ அவ்வளவுக்கு உடம்புக்கு நல்லது என்பதே அக்காலத்தில் அவர் பெற்ற வரலாற்றறிவு. ஆயினும் மகளின் வேலை என்றபடியால், ஓய்வூதியம் பெற்ற நாளில் அணிந்த சட்டையை அணிந்து புறப்பட்டார். கோட்டைக்குள் உப்பில்லாத பழங்காலச் சூப்பு மட்டுமே விற்பார்கள் என்று கேள்விப்பட்ட அவருடைய மனைவி மங்கையற்கரசி, புட்டும் முட்டைப்பொரியலும் கத்தரிக்காய்க் குழம்பும் கட்டி எடுத்துக்கொண்டார்.

வாசலில் நிரூபா அவர்களுடைய மணிக்கட்டுகளிற் பட்டிகளைப் பூட்டினாள். இருவரும் பாலத்தைக் கடந்து நடந்தனர். அப்பொழுது, செந்நிறச் சட்டையும் உயரமான தொப்பியும் முறுக்கிய மீசையுமாக நின்ற ஒரு காவல் வீரன், நீண்ட துவக்கைக் குறுக்கே நீட்டி, ஆங்கிலத்தில் இடிபோல முழங்கினான்:

“நில்! வருவது யார்?”

ஸ்ரீஸ்கந்தராசாவின் கால்கள் அவருடைய அனுமதியைக் கேளாமலே நின்றன. தொப்பி தலையிலிருந்து கழன்றது. குடை மடங்கியது. வலக்கை சட்டைப்பைக்குள் சென்று, சாரதி அனுமதிப்பத்திரம், சுகாதார அட்டை, குடியுரிமை அட்டை, நூலக அட்டை ஆகியவற்றை எடுத்து, சீட்டாடுவோர் பிடிப்பது போல விரித்துப் பிடித்தது. மங்கையற்கரசியோ கைப்பையின் வாயைத் திறந்தபடி, பெண்களைச் சோதிக்கும் மறைப்பு எங்கே என்று இடமும் வலமும் தேடினார். அப்படி ஒன்று காணப்படாமையால், அருகில் நின்ற மேப்பிள் மரத்தின் பின்னே சென்று தாமாகவே வரிசையில் நின்றுகொண்டார். அவ்வரிசையில் அவர் ஒருவரே இருந்தார்.

“பற்றரி ஒண்டும் இல்லைத் தம்பி,” என்றார் மரத்தின் பின்னாலிருந்து. “சவுக்காரமும் இல்லை. புட்டு மட்டுந்தான்.”

போர்க்காலத்தில் பற்றரியும் உடுப்புத் தோய்க்கும் சவுக்காரமும் தடைசெய்யப்பட்ட ஊரிலிருந்து அவர்கள் புறப்பட்டு நெடுங்காலம் ஆகிவிட்டது. நாக்குக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச்சேரவில்லை.

ஸ்ரீஸ்கந்தராசா ஒருகணம் தயங்கினார். பொய் சொல்வது ஆபத்து. “ஒண்டு கிடக்கு,” என்று ஒப்புக்கொண்டார். “என்ர காதுக்குள்ள. கேக்கிற மெசினுக்குப் போட்டது. டொக்டர்ர துண்டு வீட்டில இருக்கு, வேணுமெண்டா எடுத்துக்கொண்டு வந்து காட்டுறன்.”

காவல் வீரனின் மீசை அசைந்தது. வருகையாளர் முன்னிலையில் ஊழியர் எவரும் தம் வேடத்திலிருந்து விலகுதல் கூடாது என்பது கோட்டையின் கண்டிப்பான விதி. ஆகவே அவன் உதட்டை அசைக்காமல், மீசைக்குள்ளிருந்து, தாழ்ந்த குரலிற் பேசினான்.

“ஐயோ அண்ணை, கையை இறக்குங்கோ. துவக்கு மரம். நான் யோசப், ரெக்ஸ்டேலில இருக்கிறன்.”

ஸ்ரீஸ்கந்தராசா அட்டைகளை இன்னும் உயர்த்திப் பிடித்தார். தமிழ் பேசும் படையினன் என்றால் விசாரணை விரிவாக நடைபெறும் என்பது அவருடைய பழைய அனுபவம். மணிக்கட்டிலிருந்த பட்டி வெள்ளையிலிருந்து மஞ்சளுக்கும், மஞ்சளிலே தரிக்காமல் சிவப்புக்கும் தாவியது. வெண்கல மணி ஒலித்தது.

அதற்கு முன்னர் ஒருபோதும் அது ஒலித்திராமையால், தீப்பற்றிக்கொண்டது என்று கருதிய ஊழியர்கள் யாவரும், கோட்டை ஏற்கெனவே ஒருமுறை எரிந்ததை நினைவிற்கொண்டு, வாகனத் தரிப்பிடத்தை நோக்கி ஓடினார்கள். ஒருவர் மாத்திரம் எதிர்த்திசையில் ஓடிவந்தார். அவர் கோட்டையின் மெய்ம்மைப் பணிப்பாளர் கிறிஸ்ரினா. வந்தவர் ஸ்ரீஸ்கந்தராசாவின் மணிக்கட்டை இரு கைகளாலும் பற்றிக்கொண்டார். கண்கள் கலங்கின.

“ஐயா, மக்களைப் பயமுறுத்துவதற்கு நாங்கள் ஆண்டுதோறும் அரசாங்கத்திடம் நிதி கேட்டு வருகிறோம். நிபுணர்களை அழைத்தோம். பயிற்சிப் பட்டறைகள் நடத்தினோம். ஒருவரையேனும் நடுங்கச் செய்ய முடியவில்லை. நீங்களோ உங்கள் பயத்தை வீட்டிலிருந்தே கொண்டுவந்திருக்கிறீர்கள். சமூகப் பங்களிப்பு என்பது இதுவேயன்றோ!”

பிறகு அவர் வாசலில் நின்ற நிரூபாவிடம் திரும்பி, இத்தகைய பயிற்சியைத் தந்தையார் எங்கே பெற்றார் என்று வினவினார்.

“அவர் ஒரு கோட்டைக்குப் பக்கத்தில் வளர்ந்தவர்,” என்றாள் நிரூபா ஆங்கிலத்தில்.

“புதுப்பிக்கப்பட்ட கோட்டையா?”

“இல்லை. படையினரின் அன்றாடப் பாவனையில் இருந்தது.”

“பாவனையில்!” கிறிஸ்ரினா பெருமூச்சு விட்டார். “எங்களிடம் இல்லாதது அது ஒன்றுதான்.”

ஆனால் ஆணையத் தலைவர் இன்னும் வந்துசேரவில்லை. நெடுஞ்சாலையில் அகப்பட்டுக்கொண்டார் என்று செய்தி வந்தது. கோட்டையிலிருந்து பார்த்தால் அவருடைய கறுப்பு வாகனம் தெரிந்தது. நெடுநேரமாக ஒரே இடத்தில் தெரிந்துகொண்டிருந்தது. அவர் வரும்பொழுது பட்டி தவறாது சிவக்கவேண்டும் என்பதற்காக, ஒத்திகை பார்ப்பது நன்று எனப் பணிப்பாளர் தீர்மானித்தார். ஸ்ரீஸ்கந்தராசாவையும் மங்கையற்கரசியையும் மறுபடி பாலத்துக்கு அப்பால் அழைத்துச்சென்று நிறுத்தினார்கள்.

“நில்! வருவது யார்?” என்று யோசப் முழங்கினான். பின்னர் மீசைக்குள்ளிருந்து, “அண்ணை, ஊரில எவடம்?” என்றான்.

“கொக்குவில்.”

“அட! என்ர மனிசியின்ர மாமி கொக்குவில்தான். ஸ்ரேசனுக்குக் கிட்ட.”

“ஸ்ரேசனுக்குக் கிட்டவெண்டா ஆற்றை ஆக்கள்?”

யோசப் விடை சொல்ல, அவர்கள் யாருடைய உறவினர் என்பது விளங்கிய மாத்திரத்தில் ஸ்ரீஸ்கந்தராசாவின் பட்டி பால்போல வெளுத்துவிட்டது. துவக்கின் குழலை ஒரு கையாற் பிடித்துக்கொண்டு, அந்த மாமியின் தம்பி சைக்கிளோடு கிணற்றுக்குள் விழுந்த கதையை அவர் சொல்லத் தொடங்கினார். யோசப் நிமிர்ந்து நின்று தொடுவானத்தை நோக்கியபடியே, தோள்கள் குலுங்கச் சிரித்தான்.

பணிப்பாளரின் முகம் வாடியது. “இங்கே நட்பு ஏற்பட்டுவிட்டது,” என்றார் அவர் கவலையுடன். “எங்கள் காலகட்டத்தில் அதற்கு இடமில்லை.”

உடனே ஒரு புதிய கட்டளை பிறந்தது: காவல் வீரன் வருகையாளரின் பையைக் கடுமையாகச் சோதித்தல் வேண்டும். யோசப் கடுமையாகச் சென்று பையைக் கடுமையாகத் திறந்தான். கத்தரிக்காய்க் குழம்பின் மணம் பாலம் முழுவதும் பரவியது. அவனுடைய முகத்திலிருந்த கடுமை அப்படியே உருகிப்போயிற்று.

“காலமை சாப்பிட்டனீயோ தம்பி?” என்றார் மங்கையற்கரசி.

“எங்கயக்கா, பஸ் ரெண்டு மாறி வாறன். இஞ்ச கோட்டைக்காரருக்கு விசுக்கோத்து மட்டுந்தான் தருவினம். அந்தக் காலத்து விசுக்கோத்து. கல்லால குத்தித்தான் தின்னோணும்.”

“இந்தா, உந்தப் பெட்டிக்குப் பின்னால போய் நிண்டு சாப்பிடு. ஆரும் கேட்டா நான் சொல்லுறன்.”

காவற்கூண்டின் பின்னே இங்கிலாந்து அரசரின் படைவீரன் புட்டும் குழம்பும் உண்டான். எதிரி அந்த வேளையில் வந்திருந்தால் கோட்டை வீழ்ந்திருக்கும். எதிரியின் வழக்கப்படி அவன் வரவில்லை.

காவலனுக்கு ஓய்வு வேண்டியிருந்தமையால், அந்த இடைவேளையிற் கோட்டையைச் சுற்றிக் காண்பிக்க நிரூபா பெற்றோரை அழைத்துச்சென்றாள். ஒவ்வொரு கதவின் முன்னும் பணிப்பாளர் நின்று, இந்த நிலம் முதலில் எந்தப் பூர்வகுடிகளுக்கு உரியது, அவர்களிடமிருந்து எவ்வாறு எடுக்கப்பட்டது என்பதை மிகுந்த உருக்கத்துடன் வாசித்தார். வாசித்த பின்னர் அந்தக் கதவைப் பூட்டிச் சாவியைத் தம் பைக்குள் வைத்துக்கொண்டார்.

“எடுத்ததெண்டு வாயாலயே சொல்லினம்,” என்று ஸ்ரீஸ்கந்தராசா மகளின் காதுக்குள் கேட்டார். “அப்ப திருப்பிக் குடுக்கப் போயினமோ?”

“இல்லை அப்பா. சொல்லுறது மட்டுந்தான்.”

படையினர் உறங்கிய மண்டபத்தின் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. புதுப்பித்தபொழுது கூரை தற்செயலாக நன்றாக அமைந்துவிட்டதாம். அந்தக் குறையைப் போக்குவதற்காகப் பொறியியலாளர்கள் நீரிறைக்கும் பம்பி ஒன்றைப் பூட்டி, காலத்துக்கேற்ற ஒழுக்கினை ஏற்படுத்தியிருந்தார்கள். மழைநாள்களில் மாத்திரம், உண்மையான நீர் கலந்துவிடாதிருக்கும்பொருட்டு, கூரையின் மேல் தார்ப்பாய் விரிக்கப்படும். ஸ்ரீஸ்கந்தராசா தலையைத் துடைத்துக்கொண்டு, தம் வீட்டுக் குளியலறைக் கூரையும் இவ்வாறே ஒழுகுவதாகவும், அதற்கு ஆணையம் பணம் தருமா என்றும் வினவினார். பட்டி வெள்ளையாகவே இருந்தது.

பொறுமையிழந்த பணிப்பாளர் இறுதி ஆயுதத்தைக் கையிலெடுத்தார். கோட்டையில் ஒரு பீரங்கி உண்டு. அண்மையில் எழுந்த அடுக்குமாடிகளிற் குடியிருப்போர் முறைப்பாடு செய்தமையால், சில காலமாக அது சத்தமின்றியே வெடித்து வந்தது. வெடித்ததற்கு அடையாளமாக ஒரு பச்சைக் கொடி அசைக்கப்படும். இன்று மட்டும் சத்தத்துடன் வெடிப்பதற்கு விசேட அனுமதி பெறப்பட்டிருந்தது.

பீரங்கி முழங்கியது. புறாக்கள் எழுந்தன. புகை அடங்கியபொழுது ஸ்ரீஸ்கந்தராசாவையும் மங்கையற்கரசியையும் காணவில்லை. அனைவரும் பதறித் தேடினர். கொத்தளத்தின் அருகே தோண்டப்பட்டிருந்த அகழிக்குள், இருவரும் முழங்கைகளை ஊன்றி, வாயைத் திறந்து, விரல்களாற் காதுகளைப் பொத்திக் குப்புறக் கிடந்தனர். எஞ்சிய புட்டுப் பெட்டி பத்திரமாக நடுவிலே வைக்கப்பட்டிருந்தது.

பணிப்பாளர் ஆவலோடு குனிந்து பட்டிகளைப் பார்த்தார். இரண்டும் வெள்ளை.

“ஏன் இவர்கள் பயப்படவில்லை?”

“படுத்துவிட்டார்கள்,” என்று நிரூபா விளக்கினாள். “படுத்தால் அவர்களுக்குப் பயம் போய்விடும்.”

“இஞ்சாருங்கோ, புல்லு நல்ல மெத்தெண்டு கிடக்கு,” என்று அகழிக்குள்ளிருந்து மங்கையற்கரசியின் குரல் கேட்டது. “நேற்றுமுழுக்கத் தேங்காய் துருவின கை உளையுது. கொஞ்சம் சரிஞ்சிட்டு எழும்புவம்.”

அகழியை அதன் நோக்கத்துக்காகப் பயன்படுத்திய முதல் மனிதர்கள் இவர்களே என்பதைப் பணிப்பாளர் அப்பொழுதுதான் உணர்ந்தார். கோட்டை கட்டப்பட்ட நாள்முதல் எவரும் அதற்குள் இறங்கியதில்லை. ஒளிப்படம் எடுப்பதற்கு அவர் ஆளனுப்பிய அந்த நேரத்தில், ஆணையத் தலைவரின் கறுப்பு வாகனம் உள்ளே நுழைந்தது.

தலைவருடன் இரண்டு உறுப்பினர்களும் வந்திருந்தனர். தலைவர் பேசும்பொழுது தலையசைப்பது அவர்களுடைய கடமை. பணிப்பாளர் மூச்சுவாங்க ஓடிச்சென்று, காலையிலேயே பட்டி சிவந்ததையும், மணி ஒலித்ததையும், ஊழியர் யாவரும் அதற்குச் சாட்சி என்பதையும் எடுத்துரைத்தார்.

தலைவர் கையை உயர்த்தினார். “நான் காணாத வரலாற்றை நடைபெற்றதாகக் கொள்ள முடியாது,” என்றார். “தொடங்குங்கள்.”

உறுப்பினர்கள் தலையசைத்தனர்.

ஸ்ரீஸ்கந்தராசாவை மீண்டும் பாலத்துக்கு அழைத்துச்சென்றார்கள். வழியில் நிரூபா அவருடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அப்பா, இதுதான் லாஸ்ற் சான்ஸ். கொஞ்சம் பயப்பிடுங்கோ. காலமை பயந்த மாதிரி. ப்ளீஸ்.”

“நீ யோசியாதை. அப்பா பயந்து காட்டுறன்.”

மகளுக்காக அவர் எதையும் செய்யக்கூடியவர். பாலத்தின் நடுவிலே கண்களை மூடி, தமக்குத் தெரிந்த பயங்கரங்களை ஒவ்வொன்றாக வரவழைத்தார். பல்வைத்தியரின் துளைகருவியை நினைத்தார். பனிக்காலத்திற் சறுக்கிய நெடுஞ்சாலையை நினைத்தார். றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலில், தேர்த்திருவிழா அன்று, வாகனத்தை எங்கே விட்டோம் என்று மறந்து நின்றதையும் நினைத்தார். பட்டி மெல்ல மஞ்சளாயிற்று. நிரூபா மூச்சை அடக்கினாள்.

“நில்!” என்று யோசப் முழங்கினான். “வருவது யார்?”

ஸ்ரீஸ்கந்தராசா கண்களைத் திறந்தார். எதிரே முறுக்கிய மீசையின் ஒரு நுனியில் தேங்காய்ப்பூ ஒட்டிக்கொண்டிருந்தது. மறு நுனி பசை விட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. அதனை ஒரு கையாற் பிடித்தபடி யோசப் துவக்கை நீட்ட முயன்றுகொண்டிருந்தான். ஸ்ரீஸ்கந்தராசா பற்களைக் கடித்தார். உதடுகளை இறுக்கினார். அடக்க அடக்க அது வயிற்றிலிருந்து கிளம்பி, மூக்கு வழியாக வெளியேறி, பாலம் அதிரும்படியான சிரிப்பாக வெடித்தது.

பட்டி வெள்ளை. ஐயத்துக்கு இடமில்லாத வெள்ளை.

தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னே வந்தார். அவர் எதையும் பார்த்து வாசிக்கவில்லை. இத்தகைய உரைகள் அவருக்கு மனப்பாடம்.

“செல்வி நிரூபாவின் பணி, வருகையாளரின் உணர்வை இணைப்பதாகும். உணர்வு இல்லை, ஆகவே இணைப்பதற்கு எதுவும் இல்லை. அவருடைய சேவையை நாங்கள் மனமார மதிக்கிறோம். எங்கள் மதிப்பு உண்மையானது. அது உண்மையானது என்பதைக் குழுக் கூட்டத்தில் வாக்கெடுத்து உறுதிசெய்திருக்கிறோம். எனவே மகிழ்ச்சியுடன் அறிவிக்கிறேன்: இன்று மாலையுடன் அவருடைய ஒப்பந்தம் முடிவடைகிறது.”

உறுப்பினர்கள் தலையசைத்தனர்.

ஆங்கிலத்தில் வேகமாகப் பேசினால் ஸ்ரீஸ்கந்தராசாவுக்கு முழுவதும் விளங்குவதில்லை. ஆனால் மகளின் முகம் அவருக்கு எந்த மொழியிலும் விளங்கும். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதல்நாட் பள்ளிக்கூட வாசலிலும், பின்னர் வேலை தேடித்திரிந்த பனிக்காலங்களிலும் அவர் கண்ட முகம் அது. இதுவரை ஒப்பந்தம் எத்தனையோ தடவை முடிந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் யாரோ எப்படியோ நீட்டித்தார்கள். இந்தத் தடவையும் நீட்டிப்பார்கள் என்றே அவர் உள்ளூர நம்பியிருந்தார். அந்த நம்பிக்கை சட்டென்று காலின்கீழிருந்து உருவப்பட்டது.

மணி ஒலித்தது.

ஸ்ரீஸ்கந்தராசாவின் பட்டி செக்கச்சிவந்திருந்தது. மங்கையற்கரசியின் பட்டியும் சிவந்தது. ஊழியர் என்ற வகையில் நிரூபா அணிந்திருந்ததும் சிவந்தது. மூன்றும் சேர்ந்தமையால் மணி தன் சங்கிலியே அறுந்துவிடும்போல அடித்தது. ஊழியர்கள் மறுபடி வாகனத் தரிப்பிடத்துக்கு ஓடினார்கள்.

“வரலாறு!” என்று தலைவர் கூவினார். “இதோ வரலாறு! ஐயா, இந்தக் கணத்தில் நீங்கள் உணர்வது என்ன? எங்களுக்குச் சொல்லுங்கள்.”

“என்ர பிள்ளையின்ர வேலை போகுதெண்டு சொல்லுறியள்,” என்றார் ஸ்ரீஸ்கந்தராசா, குரல் நடுங்க. “பிறகு என்ன உணருதெண்டு கேக்கிறியள். உமக்குப் பிள்ளையள் இல்லையே?”

நிரூபா முதற் பகுதியை மட்டும் மொழிபெயர்த்தாள்.

தலைவர் பெரிதும் நெகிழ்ந்தார். “முதற் குடியேறிகள் உணர்ந்ததும் இதுவே! நாளைக்கு அடுப்பு எரியுமா என்னும் ஐயம்! அதனை நாங்கள் பீரங்கியிலும் துவக்கிலும் தேடிக்கொண்டிருந்தோம். எவ்வளவு பெரிய பிழை! இந்த உணர்வு எங்களிடமே ஏராளமாக இருந்தது. பல ஆண்டுகளாக அதனை மனிதவளப் பிரிவிற்குள் ஒளித்து வைத்துவிட்டு, வருகையாளருக்குக் காட்டத் தவறிவிட்டோம்.” பின்னர் நிரூபாவின் பக்கம் திரும்பினார். “பட்டி என் முன்னிலையிற் சிவந்துவிட்டது. வாக்கு வாக்குத்தான். உங்கள் பதவி இந்தக் கணம் முதல் நிரந்தரம்.”

“அப்பா, பேமனன்ற்!” என்றாள் நிரூபா.

மணி நின்றது. மூன்று பட்டிகளும் ஒருசேர வெளுத்தன. மங்கையற்கரசி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “பிள்ளையாரே,” என்றார்.

தலைவர் திடுக்கிட்டார். சற்று முன்னர்வரை கண்முன்னே இருந்த வரலாறு இவ்வாறு கைநழுவிப் போவதை அவராற் பொறுக்க முடியவில்லை. உறுப்பினர்களுடன் அவர் அவ்விடத்திலேயே அவசரக் கூட்டம் நடத்தினார். அவர் பேசினார், அவர்கள் தலையசைத்தார்கள், கூட்டம் நிறைவுற்றது.

“ஒருவரை நிரந்தரமாக்கியதால் இழந்த உணர்வை ஈடுசெய்தல் எங்கள் கடமையாகும்,” என்று அவர் அறிவித்தார். “ஆகையால், செல்வி நிரூபாவைத் தவிர, இக்கோட்டையின் ஊழியர் யாவரும் இந்தக் கணம் முதல் தற்காலிக ஊழியராவர். ஒப்பந்தங்களைப் புதுப்பிக்கும் அதிகாரம் நிரந்தர ஊழியர் ஒருவருக்கே உண்டு என்பது விதி. அத்தகையவர் இப்பொழுது ஒருவரே இருக்கிறார். மெய்ம்மைப் பணிப்பாளர் அவர்களே, இத்திட்டத்தை உங்கள் பதவியிலிருந்து தொடங்குவது உங்களுக்குப் பெருமையாக இருக்கும் என நம்புகிறேன்.”

பெருமையாக இருந்ததா என்பதைக் கிறிஸ்ரினா வாயாற் சொல்லவேண்டியிருக்கவில்லை. அவருடைய பட்டி அதுகாறும் எவரும் கண்டிராத கருஞ்சிவப்பாயிற்று. மணி முழங்கியது. தலைவரும் உறுப்பினர்களும் கைதட்டினார்கள்.

“யோசப், அப்ப உமக்கும் வேலை ரெம்பரறியோ?” என்று ஸ்ரீஸ்கந்தராசா கவலையோடு விசாரித்தார்.

“எனக்கோ?” யோசப் மீசையைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் வைத்தான். “நான் ஏஜென்சியால வாற ஆள் அண்ணை. கோட்டையின்ர கணக்குப்படி நான் இஞ்ச வேலையே செய்யேல்லை. இல்லாத ஆளை என்னண்டு நிப்பாட்டுறது?”

மாலையில் நிரூபா பெற்றோரை வாகனம் வரைக்கும் கொண்டுவந்து விட்டாள். அவர்கள் கதவைத் திறக்கும் வேளையில் கிறிஸ்ரினா பின்னால் விரைந்து வந்தார். காலையில் ஸ்ரீஸ்கந்தராசாவின் மணிக்கட்டைப் பற்றிய அதே கைகள் இப்பொழுது ஒன்றையொன்று பிசைந்துகொண்டிருந்தன.

“நிரூபா, உங்களுக்கு நேரம் இருக்குமாயின் ஒரு சிறு விடயம்,” என்று அவர் தயங்கினார். “என்னுடைய ஒப்பந்தம்... அது புதுப்பிக்கப்படும் அல்லவா? வேண்டுமானால் அடுத்த கிழமை என் பெற்றோரை அழைத்து வருகிறேன். அவர்கள் ஒட்டாவாவில் இருக்கிறார்கள். சற்று அமைதியான சுபாவம். ஆனாலும் முயல்வார்கள்.”

நிரூபா முதுகை நிமிர்த்திக்கொண்டாள். முகத்தில் ஒரு சாந்தமான புன்னகை படர்ந்தது. அவளுடைய தந்தையார் அதுவரை அவளிடம் கேட்டிராத ஒரு குரல் வெளிவந்தது.

“உங்கள் சேவையை நாங்கள் மனமார மதிக்கிறோம், கிறிஸ்ரினா. உங்கள் வேண்டுகோள் கவனத்திற் கொள்ளப்படும். உரிய வேளையில் அறியத்தருவோம்.”

கிறிஸ்ரினா பலமுறை நன்றி கூறி, தலையைக் குனிந்தபடி கோட்டைக்குள் திரும்பிச்சென்றார். அவர் பாலத்தைக் கடக்கும்பொழுது மணி இன்னொருமுறை அடித்தது.

ஸ்ரீஸ்கந்தராசா மகளை உற்றுப்பார்த்தார். இவள் மெய்யாகவே நிரந்தரமாகிவிட்டாள் என்பதில் அவருக்கு அதன்பின் ஐயம் இருக்கவில்லை. மங்கையற்கரசிக்குத்தான் மனம் கேட்கவில்லை.

“ஏன் பிள்ளை அந்த மனிசியைப் போட்டு உந்தப் பாடு படுத்துறாய்? பாவம், முகம் செத்துப்போச்சுது.”

“திங்கக்கிழமை முதல் வேலையா ரினியூ பண்ணிப்போடுவன் அம்மா, டோன்ற் வொறி,” என்றாள் நிரூபா, காரின் கதவைச் சாத்தியபடி. “வீக்கெண்ட் மட்டும் கொஞ்சம் ஹிஸ்ற்ரி ஃபீல் பண்ணட்டும்.”